மருதமலை இறக்கத்தில் கறுப்பு ரிம்

அன்புக்கரசிக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒத்துக்கொள்வாள். ஆனால் அந்த வாய்க்குப் பின்னால் சரக்கு இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்வாள். பீளமேட்டுப் பக்கம் ஒரு நூல் மில்லின் சோதனை அறையில் ஏழு வருடம் நூலை இழுத்து அறுத்துப் பார்த்தவள் அவள். எந்த இழை எத்தனை பாரம் தாங்கும், அறும்போது எப்படி அறும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவள் பர்மனென்ட் வேலையை உதறிவிட்டு, சங்கனூர் ரோட்டில் நஞ்சப்பன் வைத்திருந்த பைபர் பட்டறையில் கூட்டாளியாகச் சேர்ந்தபோது, மில்லில் பாதிப் பேர் அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். மீதிப் பேர் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நஞ்சப்பன் பட்டறையில் அதுவரை செய்ததெல்லாம் தண்ணீர்த் தொட்டியும் மில் மெஷின்களுக்கு மூடியும்தான். எல்லாமே கண்ணாடி இழை. துணியை அச்சில் விரித்து, ரெசின் என்கிற பிசினைத் தடவி, காயவிட்டு எடுக்கிற வேலை. மனுஷனுக்குக் கண்ணாடி இழை என்றால் உயிர். அவரிடம் விட்டால் வீட்டுக் கதவு, கட்டில், சோறு போடுகிற தட்டு எல்லாவற்றையும் அதிலேயே செய்துவிடுவார்.

சைக்கிள் ரிம் என்கிற கூத்து தொடங்கியது ரூபினாவால். கோட்டைமேட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் கரீம் பாயின் மகள் அவள். இருபது வயது. கோயமுத்தூரில் பந்தய சைக்கிள் வைத்திருப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கக் கரீம் பாயிடம்தான் போவார்கள். அவர் கம்பியை முடுக்கிவிட்டால் சக்கரம் வருஷம் முழுக்க நேராக ஓடும். அந்தக் கடையிலேயே வளர்ந்த பெண், ஒவ்வொருவராக விட்டு நேரம் பார்க்கிற பந்தயத்தில் போன வருடம், தொண்ணூற்று நான்கில், மாநிலத் தேர்வை நான்கே வினாடியில் கோட்டை விட்டாள். நான்கு வினாடி என்பது மூக்கைச் சிந்துகிற நேரம். அந்த நான்கு வினாடியை எங்கே பிடிப்பது என்று அலைந்தவள், ஒரு பத்திரிகையில் வெளிநாட்டுக்காரி ஒருத்தி கறுப்புச் சக்கரத்தில் பறக்கிற படத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்து நின்றாள்.

"இதென்ன இழைங்க்கா?"

"கார்பன். நாமளே செஞ்சுபோடலாம் கண்ணு. இதென்ன வானத்துல இருந்தா எறங்குச்சு?" என்றாள் அன்புக்கரசி. அதுவரை அவள் கார்பன் இழையைக் கையால் தொட்டதுகூடக் கிடையாது.

நஞ்சப்பன் கேட்டுக்கொண்டே நின்றார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "கண்ணாடியிலயே செய்யலாமில்ல?" என்றார்.

"எடை கூடுங்கண்ணா."

"அப்ப அந்த மஞ்ச இழை? குண்டு துளைக்காத சட்டைக்குப் போடறாங்களே."

"அது அராமிட். இழுத்தா அசையாது, அழுத்துனா மடங்கிரும். கார்பன்தானுங்க இதுக்கு."

"நீ சொன்னா ஆச்சா? மூணுலயும் ஒண்ணொண்ணு செய்யி. மூணையும் போட்டு வதைக்கலாம். எது நிக்குதோ அது புள்ள சைக்கிள்ல ஏறட்டும்."

நியாயமான பேச்சு. அன்புக்கரசி மறுக்கவில்லை. முடிவு என்ன என்பதுதான் அவளுக்கு முதல் நாளே தெரியுமே.

கண்ணாடித் துணி பட்டறையிலேயே இருந்தது. மஞ்சள் துணி சென்னையிலிருந்து வந்தது. அதை வெட்டுவதற்குள் பெரும் பாடாகிவிட்டது. தையல்காரர் கத்தரி, தகரம் வெட்டுகிற கத்தரி எல்லாவற்றுக்கும் முனை மழுங்கியதுதான் மிச்சம். கார்பன் துணியாகக் கிடைக்கவில்லை. பெங்களூரில் தெரிந்த ஒருவர் மூலம் நூல் உருண்டைகளாகத்தான் கிடைத்தது. தலைமுடியைவிட மெல்லிய இழைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த கறுப்பு நாடா. அதைத் துணியாக்கி ஆக வேண்டும். துணி என்றால் நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? அன்புக்கரசி நேரே சோமனூர் ராமுலுவிடம் போனாள். மில் நாட்களிலிருந்தே தெரிந்தவர். புது நூல் வந்தால் மில்காரர்கள் முதலில் அவர் தறியில்தான் ஓட்டிப் பார்ப்பார்கள்.

பத்து நாளில் ராமுலு துணியை நெய்து வைத்திருந்தார். அன்புக்கரசி விரித்துத் தடவிப் பார்த்தாள். ஒரு பிசிறு இல்லை. இழை நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. விரலால் தட்டினால் புதுக் காகிதம் மாதிரி மொடமொடத்தது.

"சூப்பருங்க! என்னமா நெய்ஞ்சிருக்கீங்க!" என்று அங்கேயே கூவினாள். ராமுலுவுக்கு முகமெல்லாம் பல்.

மூன்று ரிம்மும் ஒரே அச்சில் உருவாயின. உள்ளே நுரைத் தக்கை, மேலே எட்டுச் சுற்றுத் துணி, சூட்டுப் பெட்டியில் நான்கு மணி நேரம். வெளியே எடுத்துத் தராசில் வைத்தார்கள். ரூபினாவின் பழைய அலுமினிய ரிம் அறுநூறு கிராம். கண்ணாடி ஐந்நூற்று எண்பது. இருபது கிராம் குறைக்கவா இத்தனை பாடு என்று அன்புக்கரசி நஞ்சப்பனைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். மஞ்சள் நானூற்று எழுபது. கார்பன் நானூற்றுப் பத்து.

கரீம் பாய் மூன்றையும் கடைக்கு எடுத்துப் போய்க் கம்பி போட்டுக் கோட்டம் எடுத்துத் திரும்பக் கொண்டுவந்தார். கறுப்புச் சக்கரத்தை இரண்டு விரலில் தூக்கிப் பார்த்தார். அவருக்கு அதைப் பிடித்தும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"அம்மணி, புள்ள இறக்கத்துல அம்பது அறுபதுல வருவா. இது தாங்குங்களா?"

"கரீம் பாய், இந்த ரிம் விட்டுப்போச்சுன்னா என்ற பேரையே மாத்தி வெச்சுக்கறனுங்க. போதுமா?"

சொன்னாள் பாருங்கள், அந்த வாய்தான்.

புதன்கிழமை சோதனை. கரீம் பாயும் ரூபினாவும் பார்க்க வந்திருந்தார்கள். பந்தயத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. முதலில் பாரம். ரிம்மைப் படுக்கவைத்து இரும்புக் கல்லை ஏற்றி, எவ்வளவு வளைகிறது என்று டயல் கேஜில் பார்த்தார்கள். கண்ணாடி நன்றாகவே வளைந்தது, ஆனால் பாரத்தை எடுத்ததும் ஒன்றும் நடக்காததுபோலப் பழையபடி நிமிர்ந்தது. மஞ்சள் பரவாயில்லை. கார்பனில் முள் அசைந்ததா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அன்புக்கரசி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

அடுத்தது பிரேக். சக்கரத்தை மோட்டாரில் மாட்டிச் சுழலவிட்டு, பிரேக் ரப்பரைப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். கண்ணாடி கொதித்தது, நாறியது, ஆனால் நின்றது. மஞ்சளுக்கு நான்காவது நிமிஷத்திலேயே பக்கவாட்டில் தேங்காய் நார் மாதிரி இழை கிளம்பிவிட்டது. அதை ஓரங்கட்டிவிட்டுக் கார்பனை ஏற்றினார்கள்.

ஆறாவது நிமிஷம் 'கிறீச்' என்று ஒரு சத்தம். நஞ்சப்பன் பாய்ந்து மோட்டாரை நிறுத்தினார். சக்கரம் இரண்டு சுற்றுத் தள்ளாடி நின்றது. ரிம்மின் ஓரத்தில் சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. மேல் சுற்று, அதற்கடுத்த சுற்று, அதற்கும் அடுத்தது, வாழை மட்டை உரிந்த மாதிரி தனித்தனியாக நின்றன.

அன்புக்கரசி முகத்தில் ஈயாடவில்லை.

கரீம் பாய்க்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. "நாளைக்குக் காலையில இதைப் போட்டுப் பழகறேன்னு சொல்லிட்டு இருந்தா. இவ வாயி, மூஞ்சி எல்லாம் ரோட்டுல போயிருக்கும்" என்றார். பிறகு அன்புக்கரசி பக்கம் திரும்பினார். "ஏனுங்க அம்மணி, இனி உங்களை என்ன பேரு சொல்லிக் கூப்படறது?"

அது கேலி மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். மகளைப் பெற்றவரின் கோபம் அதில் முக்கால் பங்கு. அதைப் புரிந்துகொண்டதால்தான் அன்புக்கரசிக்கு அவ்வளவு வலித்தது. ரூபினாவோ உரிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "நான் கண்ணாடியிலயே ஓட்டிக்கறேங்க்கா. பரவால்லீங்க்கா" என்றாள். அந்தப் 'பரவால்லீங்க்கா'தான் எல்லாவற்றிலும் மோசம்.

அவர்கள் போனபின் அன்புக்கரசி அந்தத் துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஏழு வருடம் அறுந்ததைப் பார்த்தே சம்பளம் வாங்கிய கண் அல்லவா அது. உடைந்த இடம் என்றால் இழை முறிந்து, ரெசின் சில்லுச் சில்லாகக் கையில் குத்த வேண்டும். இங்கே குத்தவே இல்லை. துணி ஒரு பக்கம், ரெசின் ஒரு பக்கம், இரண்டும் முன்பின் தெரியாதவர்கள் போல விலகி நின்றன.

"அண்ணா, இது உடையலீங்க. இது ஒட்டவே இல்ல."

"ஒட்டாட்டியும் உடைஞ்சாலும் புள்ள கீழதான் உழுகும். கண்ணாடிச் சக்கரத்தைத் தயார் பண்ணி வெச்சிருவோம்" என்றார் நஞ்சப்பன்.

"பந்தயத்துக்கு இன்னும் நாள் இருக்குதுங்க."

"இருக்குது. நான் வேண்டாம்னு சொல்லல."

வேறு பெண்ணாக இருந்தால் வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுத்திருப்பாள். அன்புக்கரசிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கார்பன் மேல் அல்ல, எங்கோ ஒளிந்துகொண்டு தன்னைப் பார்த்துச் சிரிக்கிற அந்தக் காரணத்தின் மேல். ரெசின் கெட்டதா? அதே டப்பாதான் கண்ணாடிக்கும் போட்டது. சூடு போதவில்லையா? அதே பெட்டி, அதே நான்கு மணி நேரம். அப்படியென்றால் கோளாறு துணியில்தான். வாடி, விட்டேனா பார் என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் பட்டறையைத் திறந்ததும் முதல் வேலையாகத் துணி அலமாரிக்குப் போனாள். மேலே போட்டிருந்த சாக்கை விலக்கினாள். நான்கு கரப்பான்பூச்சிகள் கறுப்புத் துணிச் சுருளின்மேல் பந்தியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தன. வெளிச்சம் பட்டதும் சிதறி ஓடின. அவள் பக்கத்துச் சுருளைப் பார்த்தாள். கண்ணாடித் துணியில் ஒன்றுகூட இல்லை. மஞ்சளிலும் இல்லை.

கார்பனைத் தின்கிற கரப்பான் கோயமுத்தூரில் மட்டுமா பிறந்திருக்கிறது?

அப்படியே நின்றாள். பிறகு துணியின் ஓரத்தை விரலால் மடக்கினாள். மொடமொடவென்றது. இன்னொரு முறை மடக்கினாள். "அடப்பாவி!" என்று தன்னைத்தானே வைதுகொண்டு, ஒரு துண்டை வெட்டியெடுத்து அடுப்புக்கு ஓடினாள்.

மில்லில் வெளுக்காத கோராத் துணியில் கஞ்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டு அயோடின் விடுவார்கள். கஞ்சி இருந்தால் துணி நீலமாகிவிடும். ஆனால் கறுப்புத் துணியில் நீலம் எங்கே தெரியப் போகிறது? அவள் துண்டைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தாள். தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி ஆறும்வரை காத்திருந்தாள், சூட்டில் நிறம் பிடிக்காது. காத்திருந்த அந்தக் கால் மணி நேரத்தில் கிண்ணத்தை நாற்பது தடவை தொட்டுப் பார்த்திருப்பாள். முதலுதவிப் பெட்டியிலிருந்து காயத்துக்குப் போடுகிற டிஞ்சர் அயோடினை எடுத்து ஒரு சொட்டு விட்டாள்.

கிண்ணம் முழுக்க ஊதா மை கொட்டிய மாதிரி நீலம் பரவியது.

சந்தோஷத்தில் ஒரு குதி குதித்தாள். அடுத்த நொடியே வெட்கம் வந்துவிட்டது. ஏழு வருடம் இந்தச் சொட்டை விட்டவள் அவள். அன்றைக்குச் சோமனூரில் துணியைத் தடவி, மொடமொடப்பைப் பாராட்டிவிட்டு வந்தவளும் அவளேதான். புதுத் துணி என்றால் மொடமொடப்பாகத்தான் இருக்கும் என்று கை பழகிவிட்டது. வேறு ஊர்க்காரி யாராவது இருந்தால், இது ஏன் விறைப்பாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள்.

அடுத்த பஸ்ஸிலேயே சோமனூர் போனாள். தெரு முழுக்கப் பவர்லூம் சத்தம். ராமுலு பின்கட்டில் கைத்தறியில் இருந்தார். அவள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவர் கை தறியிலிருந்து மெல்ல இறங்கியது.

"கஞ்சி போடாம எப்படிம்மா பாவு நூல் தறியில ஓடும்? பவர்லூம்ல போட்டேன், கறுப்புத் தூசி மோட்டாருக்குள்ள போயி பட்டுனு பொறி பறந்து ஸ்விட்சே போச்சு. அப்புறம் கைத்தறிக்கு மாத்துனேன். ஒவ்வொரு மிதிக்கும் இழை பிசிறிட்டே வந்துச்சு. அதுக்குத்தான் மக்காச்சோள மாவுல நல்ல கஞ்சியா காய்ச்சி மூணு தடவை போட்டேன். வழுவழுன்னு ஓடறதுக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் ஊத்துனேன்."

"எண்ணெயுமா?"

"உங்க துணியாச்சேன்னு நல்ல எண்ணெய்ம்மா. செக்குல ஆட்டுனது."

அன்புக்கரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கஞ்சியும் எண்ணெயும் குடித்துவிட்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிற இழையில் ரெசின் எங்கே ஒட்டும்?

ராமுலு சிரிக்கவில்லை. "நான் கெடுத்துட்டேனாம்மா?" என்றார். அறுபது வயதில் முதல் தடவையாகத் தன் துணியில் குறை கேட்கிறவரின் முகம் எப்படி இருக்கும் என்பதை அவள் அன்றைக்குப் பார்த்தாள்.

"நீங்க உங்க வேலையச் செரியா செஞ்சிருக்கீங்க. இது கட்டறதுக்கில்ல, ரெசின்ல ஊறப்போற துணின்னு நாந்தான் சொல்லல. தடவிப் பாத்து சூப்பருன்னு சொன்னதும் நானேதானுங்களே."

"ஆமா, நீங்கதான் சொன்னீங்க" என்றார் ராமுலு, கொஞ்சம் தெம்பு வந்தவராக. "செரி, மீதித் துணி இருக்குதுல்ல? கஞ்சிய எடுத்துப்போடுங்க."

"கசக்குனா இழையெல்லாம் ஒதுங்கிருமே."

"கசக்க வேண்டாம்மா. மரச் சட்டத்துல நாலு ஓரமும் இழுத்துக் கட்டி, சட்டத்தோட தொட்டியில எறக்குங்க. இழை அசையாது. இருங்க, நானே வாரேன்."

கண்ணாடி இழைத் தண்ணீர்த் தொட்டி ஒன்று நஞ்சப்பன் பட்டறையில் விற்பனைக்கு நின்றது. அதில்தான் கார்பன் குளித்தது. மில்லில் கஞ்சி எடுக்கப் போடுகிற மால்ட் மருந்தை அன்புக்கரசி பழைய சிநேகிதி ஒருத்தியிடமிருந்து வாங்கிவந்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் சட்டத்தோடு ஒரு நாள் ஊறவைத்து, எண்ணெய் போகச் சோப்புத் தண்ணீரில் இறக்கி, பிறகு நல்ல தண்ணீரில் அலசினார்கள். ஒவ்வொரு அலசலுக்கும் கிண்ணத்தில் ஒரு சொட்டு. முதலில் நல்ல நீலம். அடுத்து வெளிர் நீலம். பிறகு கண்ணை இடுக்கினால் மட்டும் தெரிகிற நீலம். ஏழாவது அலசலில் அயோடின் தன் தேநீர் நிறத்திலேயே நின்றது. ராமுலு கிண்ணத்தைத் தூக்கி நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னொருக்கா அலசுங்க" என்றார். அலசினார்கள்.

இதற்கிடையில் கரீம் பாய் இரண்டு முறை பட்டறைக்கு வந்தார், கண்ணாடிச் சக்கரத்துக்குக் கம்பி சரிபார்க்க. வந்தபோதெல்லாம் வாசலிலேயே நின்று, "பேரில்லாத அம்மணி இருக்கறாங்களா?" என்று கேட்டார். அன்புக்கரசி, "இருக்கறனுங்க பாய், வாங்க" என்றாள். வேறென்ன சொல்வது? வாயைக் கொடுத்தவள் அவள்தானே. உள்ளே மட்டும் ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைத்தது.

அடுத்த புதன்கிழமை, அலசிய துணியில் செய்த புது ரிம் மோட்டாரில் ஏறியது. நஞ்சப்பன், கரீம் பாய், ரூபினா, ராமுலு எல்லோரும் நின்றார்கள். பத்து நிமிஷம். ரிம் கொதித்தது, ஆனால் வாயே திறக்கவில்லை. அன்புக்கரசி பிரேக்கை விடவில்லை. இருபது நிமிஷம். பிரேக் ரப்பர் தேய்ந்து, இரும்பு தெரிந்தபோதுதான் நிறுத்தினாள். நஞ்சப்பன் வெறுங்கையால் ரிம்மைச் சுற்றித் தடவிக்கொண்டு வந்தார், சூட்டில் கையை உதறினார். "செரி அம்மணி" என்றார். அவரைத் தெரிந்தவர்களுக்கு, அது மாலை போட்டு மேளம் கொட்டியதற்குச் சமம்.

"அப்ப அந்தத் தடவை என்ன ஆச்சு?" என்று கரீம் பாய் கேட்டார்.

"நெசவுல கோளாறு" என்று நஞ்சப்பன் தொடங்கினார். ராமுலு தலை குனிந்தார்.

"இல்லீங்கண்ணா, அவரு மேல போடாதீங்க" என்று அன்புக்கரசி குறுக்கே வந்தாள். "கஞ்சி போட்டது அவரு வழக்கம். அதைக் கண்டுபிடிக்கறதுதான் ஏழு வருசமா என்ற வேலையே. கையில தொட்டும் தெரியாம, டெஸ்ட் பண்ணாம, ரிம்மு செஞ்சு, உடையாதுன்னு உங்ககிட்ட சவால் வேற உட்டேன். தப்பு என்றதுங்க பாய்."

அவள் அப்படிச் சொல்லி அந்தப் பட்டறையில் யாரும் கேட்டதில்லை.

"மோட்டார்ல ஓடறது வேற, ரோட்டுல ஓடறது வேற" என்றார் கரீம் பாய்.

"தெரியுமுங்க. முதல்ல நான் ஓட்டறேன். மருதமலையில ஏத்தி அங்கிருந்து எறக்கறேன். ரூபினாவைவிட நான் பதினோரு கிலோ ஜாஸ்தி. டெஸ்ட்டுக்கு அதுவும் நல்லதுதானுங்களே?"

ரூபினா பக்கென்று சிரித்துவிட்டாள். கரீம் பாய் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அன்புக்கரசி சுடிதாரைப் போட்டுக்கொண்டு, ரூபினாவின் தோல் பட்டை ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, பந்தய சைக்கிளை மருதமலை ரோட்டில் மேலே தள்ளிக்கொண்டு போனாள். முன்சக்கரம் கறுப்பு. சீட்டை ரூபினா கீழே இறக்கிக் கொடுத்திருந்தாள். கோயிலுக்குப் படியேறிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு அம்மா, "ஏனுங்க, இது ஏதாவது வேண்டுதலுங்களா?" என்று கேட்டே விட்டாள். "ஆமாங்க" என்றாள் அன்புக்கரசி.

மேலே போய்த் திருப்பி, ஏறி உட்கார்ந்து, காலை எடுத்தாள்.

மில்லுக்கு ஏழு வருடம் சைக்கிள் மிதித்தவள்தான். ஆனால் அந்தச் சைக்கிள் எருமை, இது குதிரை. முதல் வளைவுக்குள்ளேயே காற்று காதில் இரையத் தொடங்கிவிட்டது. இரண்டாவது வளைவில் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டி, கடைசி நேரத்தில் முன்பிரேக்கை இறுக்கினாள். ரிம் முனகாமல் பிடித்தது. மூன்றாவது வளைவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு மேலே ஏறிவந்தது. ரோட்டின் பாதியை அதுவே எடுத்துக்கொண்டது. அன்புக்கரசி ஓரத்துக்கு ஒதுங்கி, இருந்த பலம் முழுவதையும் பிரேக்கில் வைத்தாள். ரப்பர் தீய்கிற வாசனை வந்தது. அப்போது அவளுக்குப் பயம் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஏழாவது அலசலில் நிறுத்தியிருந்தால் என்று ஒரு நினைப்பு ஓடியது. எட்டாவதும் அலசினோமே என்று அடுத்த நினைப்பு அதை மிதித்துக்கொண்டு வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு அந்தக் 'கிறீச்'சுக்காகக் காத்திருந்தாள். பஸ் கடந்து போனது. சத்தம் வரவில்லை.

அதற்கப்புறம் அவள் பிரேக்கைப் பிடித்ததெல்லாம் சோதனைக்காக மட்டும்தான். பயத்தில் ஒரு முறைகூடப் பிடிக்கவில்லை.

அடிவாரத்தில் கரீம் பாயும் ரூபினாவும் நின்றுகொண்டிருந்தார்கள். அன்புக்கரசி நேரே வந்து அவர்கள் காலடியில் சக்கரத்தை நிறுத்தினாள். கரீம் பாய் குந்தி உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து கம்பி முடுக்குகிற சாவியை எடுத்து, ரிம்மை விரற்கடைக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே வந்தார். காதை அருகில் வைத்துக் கேட்டார். எங்கேயாவது உள்ளே பிரிந்திருந்தால் அந்த இடத்தில் சத்தம் செத்துப்போய்க் கேட்கும். சுற்றி முழுக்க ஒரே மாதிரி 'டக் டக்' என்று வந்தது. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினார். ஒரு நூல் கோட்டம் இல்லை. சூடாக இருந்த ரிம்மின்மேல் உள்ளங்கையை வைத்து, எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

பிறகு எழுந்து மகளைப் பார்த்தார்.

"ரூபி, சீட்டை ஒசத்து. ஞாயித்துக்கெழமை நீ இதுலதான் போறே. அன்புக்கரசி அக்கா எறங்கட்டும், நீ ஏறு."

"செரிங்கத்தா" என்று ரூபினா சீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

அன்புக்கரசி இறங்கவில்லை. ஹெல்மெட் பட்டையைக் காதுப் பக்கம் விலக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீரும் வாயில் சிரிப்புமாகக் கேட்டாள்.

"பாய், காத்துல காது அடைச்சுக்கிச்சுங்க. யாரு எறங்கட்டும்னு சொன்னீங்க?"

கரீம் பாய் இன்னொரு முறை சொன்னார். இந்தத் தடவை அடிவாரத்துப் பூக்கடைக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னார்.